கைக்குத் தெரியாத அடி

பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் மண் பெயர்ந்து, காய்ந்த புல்லோடு பறந்து போய் விழுந்தது.

சுஜியின் உள்ளங்கையில் கிளம்பிய அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள். வலியா, வெறும் நடுக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"மைனி, பந்து அடிக்க வந்தியளா, குளம் தூர்வார வந்தியளா?" என்றான் சிஜின்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொன்னவன் இல்லை. இந்த வீட்டில் யாராவது ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகப் பேசுகிறவன்.

இரணியலுக்குத் தெற்கே, கோடையில் வற்றிப்போன குளம் அது. நடுவில் ஒரு பாய் அளவு ஈரம். மீதி எல்லாம் புல். அந்தப் புல்லில் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் கோல்ஃப் மட்டையோடு ஒரு பெண் நிற்பதைக் கரையில் போகிற எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். புருஷன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊருக்குள் பேச்சு. சுஜி காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

புருஷன் பெயர் எபிசன். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் வேலை. ஆட்கள் வரிசையாக நின்று அடித்துத் தள்ளும் பந்துகளை, கம்பி வலைக் கூண்டு போட்ட குட்டி வண்டியில் போய் வாரிக்கொண்டு வர வேண்டும். ஒரு சாயங்காலம் வண்டிக்கு அடியில் பந்து சிக்கி, வாரும் உருளை நின்றுவிட்டது. பந்தை எடுத்துப் போட்டுவிட்டு ஏறிவிடலாம் என்று கூண்டை விட்டு இறங்கினான். குனிந்தவன் நிமிர்ந்தபோது காதுக்கு மேலே ஒரு பந்து வந்து பட்டது.

அவ்வளவுதான்.

சவப்பெட்டியோடு கூடவே வந்தவன் சிஜின். அதே மைதானத்தில், அதே அறையில் எபிசனோடு இருந்தவன். எபிசனை அண்ணன் என்றே கூப்பிட்டதால் சுஜி அவனுக்கு மைனி; லீவு முடியும்வரை இங்கேயே தங்கிவிட்டான். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பியபோது, சுஜி அடுக்களைக்குள் போய் வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள். யாருக்குச் சீனி வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். அழவில்லை. அதையும் ஊர் பேசியது.

விஷயம் அதோடு முடியவில்லை. பந்து வந்த நேரத்தில் மூன்று பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வங்கி அதிகாரி, ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ், கல்லூரியில் படிக்கிற ஒரு பையன். மூன்று பேர் கையிலும் இரும்பு மட்டை. எதிரே இறங்கு வெயில். "எனக்குத் தெரியாது" என்று மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மூவரின் பாஸ்போர்ட்டும் போலீசில். குடும்பத்தார் சம்மதித்தால் விபத்து என்று முடித்துவிடலாம். இல்லையென்றால் விசாரணை தொடரும். திங்கட்கிழமை வக்கீல் கூப்பிடுவார். மனைவிதான் பதில் சொல்ல வேண்டும்.

மாமியார் செல்லபாய்க்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது.

"ஒரு ஆளைக் கொன்ன கைக்குத் தெரியாம இருக்குமாட்டி? ஒரு ஈயை அடிச்சாலே கைக்குத் தெரியுது. மூணுல ஒருத்தன் பொய் சொல்லுகான். கெடந்து உருளட்டும்."

சுஜி சிஜினிடம் கேட்டாள். "தெரியுமா, தெரியாதா?"

சிஜின் தரையைப் பார்த்தான். "மோசமா அடிச்சா கைக்குத் தெரியும் மைனி. சுள்ளுன்னு ஏறும். நல்லா பட்டா ஒண்ணுமே தெரியாது. காத்தை வெட்டின மாதிரி இருக்கும்."

"எனக்கு நம்பிக்கை இல்ல."

"சத்தியமாட்டு."

"சத்தியம் வேண்டாம். எனக்கு அடிக்கப் படிச்சுத் தா."

அப்படித்தான் ஆரம்பித்தது. எபிசனுக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் கொடுத்த பழைய 'செவன் அயர்ன்' மட்டையும் ஒரு பை பந்தும் அவன் துணிமணிகளோடு வந்திருந்தன. சாயங்காலம் ஆனால் சுஜி குளத்தில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் எதிர்க் கரை வரைக்கும் கண்ணை ஓட்டுவாள். மாடு நின்றால்கூட அடிக்க மாட்டாள். சிஜினைப் போய் ஓட்டிவிட்டு வரச் சொல்வாள்.

ஆனால் பந்து கிளம்பவில்லை. ஒன்று, முன்னாலேயே மண்ணைக் கொத்தினாள். இல்லை, பந்தின் உச்சந்தலையில் தட்டி அதைத் தவளை மாதிரி துள்ள வைத்தாள். ஒவ்வொரு முறையும் கையில் சுள்ளென்று ஏறியது. அது ஒன்றுதான் அவள் உடம்புக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டிருந்த செய்தி.

"தூக்கணும்னு நெனக்காதீங்க மைனி. மட்டையோட மொகம் சரிஞ்சுதான் இருக்கு, அது தூக்கிக்கிடும். நீங்க கீழ்நோக்கி அடிங்க. மொதல்ல பந்து, பொறவு மண்ணு."

"செய்யுகேன்லா."

"எங்க செய்யிய? பந்துகிட்ட வந்ததும் கை நின்னு போவுது. பிரேக்கு போட்ட மாதிரி. யாரு படிச்சுத் தந்தா இப்படி நிறுத்த?"

அதற்கு விடை மறுநாள் களத்தில் கிடைத்தது.

வீட்டுக்குப் பின்னால் கொப்பரைக் களம். எபிசன் வீட்டுத் தொழில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுஜி அங்கே தேங்காய் வெட்டுகிறாள். இடது கையில் உரித்த தேங்காய், வலது கையில் வெட்டுக்கத்தி, கீழே தண்ணீருக்கு வாளி. டக். காய் இரண்டாகப் பிளக்கும். தண்ணீர் வாளிக்குள் விழும். வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த காய்.

காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த சிஜின் திடீரென்று எழுந்தான்.

"மைனி, இன்னொண்ணு வெட்டுங்க."

டக்.

"இன்னொண்ணு."

"எதுக்குலே?" என்றாள் செல்லபாய், கொப்பரை தோண்டிக்கொண்டே. "நீ வேடிக்கை பாக்க நாங்க வெட்டணுமா?"

"கண்டுபிடிச்சாச்சு அம்மா! பாருங்க, மைனிக்க கத்தி சிரட்டையைப் பிளந்ததும் நிக்குது. அதுக்கு மேல ஒரு நூலு எறங்கல்ல."

"எறங்கினா கை போயிருமேலே! அவ கைக்குள்ளதான காய் இருக்கு?"

"அதுதான் சொல்லுகேன்! குளத்திலயும் அதே மாதிரி நிறுத்துகாவ. படுகது வரைக்கும் வேகம், பட்டதும் பிடி." சிஜின் சுஜியின் பக்கம் திரும்பினான். "அங்க எடது கையில காய் இல்ல மைனி. ஒண்ணுமே இல்ல. யாரு கையைக் காப்பாத்த நிறுத்துதிய?"

சுஜி கையிலிருந்த காயைப் பார்த்தாள். அதையும் வெட்டி, கவிழ்த்து வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சிஜின் ஒரு பலா இலையைக் கொண்டுவந்து, பந்துக்கு அந்தப் பக்கம் நாலு விரல்கடை தள்ளிப் போட்டான்.

"பந்தை மறந்துருங்க. இந்த இலையை வெட்டுங்க. பந்து வழியில கெடக்கு, அவ்வளவுதான்."

இலை எளிதில் வெட்டுப்படவில்லை. ஊன்றிய இடது கால் தளர்ந்தது. 'கை, கை' என்று பழக்கம் குறுக்கே வந்து நின்றது. சனிக்கிழமை இலையின் காம்பு பறந்தது. சிஜின் விசிலடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையை மாற்றிவிட்டு வந்தாள். எதிர்க் கரை வரைக்கும் பார்த்தாள். மாடு இல்லை. ஆள் இல்லை. மட்டையைத் தூக்கினாள். இலையை மட்டும் பார்த்தாள்.

இறக்கினாள்.

ஒன்றுமே இல்லை. சுள்ளென்று ஏறவில்லை. மண் தடுக்கவில்லை. கை பாட்டுக்குப் போய் இடது தோளுக்கு மேலே நின்றது.

"தப்பிப் போச்சு," என்றாள். "பந்து மேல படவே இல்ல."

சிஜின் பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருப்பதே புதுசாக இருந்ததால் திரும்பிப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குனிந்து பார்த்தாள். பந்து இல்லை. இலை இரண்டாகக் கிடந்தது. இலை கிடந்த இடத்தில் புல் ஒரு சீவு சீவினாற்போல் போயிருந்தது.

"எங்கலே பந்து?"

"கரையைத் தாண்டிட்டு மைனி."

கரையைத் தாண்டி... கரைக்கு அந்தப் பக்கம் வாழைத்தோட்டம். கரை மறைத்தது. அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

மட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு சேற்றில் கழன்றது. கரைச் சரிவில் கையை ஊன்றி ஏறினாள். மேலே நின்றபோது மூச்சு இரைத்தது. கீழே, வாழைக்கு நடுவில், பொன்னுலிங்கம் குத்தவைத்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர். அவர் தலைக்கு மேலே ஓர் இலையில் வட்டமாக ஓட்டை. காலடியில் வெள்ளையாகப் பந்து.

"மாமா! மாமா, ஒண்ணும் ஆவல்லயே?"

"யாரு, எபிசன் பெண்டாட்டியா? எனக்கு என்ன பிள்ளே ஆவும்?" அவர் அப்போதுதான் பந்தைக் கவனித்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "இதென்னது? கொக்கு முட்டை போட்டுட்டுப் போவுதா?"

அவருக்கும் தெரியவில்லை.

சுஜி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிவப்புக்கூட இல்லை. அவர் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்திருந்தால்? அப்போதும் இந்தக் கை இப்படித்தான் இருந்திருக்கும். அவள் அப்போதும் "தப்பிப் போச்சு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் காய் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வக்கீல் மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகக் கேட்டார். செல்லபாய் கொப்பரை தோண்டுவதை நிறுத்திவிட்டு மருமகள் முகத்தையே பார்த்தாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார்," என்றாள் சுஜி. "மூணு பேருமே உண்மையைத்தான் சொல்லுகாங்க. முடிச்சிருங்க."

"உறப்பாய்ட்டா?"

"உறுதிதான்."

போனைத் திண்டில் வைத்தாள். செல்லபாய் கொப்பரைக் கத்தியைக் கீழே போட்டாள்.

"எம்மவன் செத்தது அவ்வளவு லேசாட்டி?"

"நேத்து பொன்னுலிங்கம் மாமாவைக் கொல்லப் பாத்தேன் மாமி."

"என்ன ஒளறுக?"

"வாழையிலையில ஓட்டை இருக்கு. போய்ப் பாருங்க. அவரு தலைக்கு மேல. பந்து போனதே எனக்குத் தெரியல்ல. நான்தான் அடிச்சேன், எனக்கே தெரியல்ல."

செல்லபாய் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குனிந்தாள். சுஜி அதைப் பார்த்தாள். பக்கத்தில் போக வேண்டும் என்று தெரிந்தது. கால் எழவில்லை. கை அடுத்த காயை எடுத்தது.

டக்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. காய் பிளந்தது. தண்ணீர் வாளியில் விழுந்தது. அதில் சிவப்பு கலந்தது. கத்தி சிரட்டையோடு நிற்கவில்லை. குளத்தில் படித்த மாதிரியே இறங்கிப் போயிருந்தது. உள்ளங்கையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு. சுஜி அதை யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ பாவி மக்ளே!" செல்லபாய் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். முந்தானையைச் சுற்றி இறுக்கினாள். "கத்தியை நிறுத்தத் தெரியாதா? இத்தனை வருசம் வெட்டுகே! எங்க போச்சு உன் புத்தி?"

துணியில் சிவப்பு ஊறியது. மாமியாரின் பிடி இறுகியது. அதற்குப் பிறகுதான், வெகு தூரத்தில் கிளம்பிய ஏதோ ஒன்று மெதுவாக வந்து சேர்ந்தாற்போல், அது வந்தது.

"எரியுது மாமி," என்றாள் சுஜி.