மேட்டுத்தெருத் தீர்மானம்

வார்டுக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. நகராட்சித் தலைவர் செல்லப்பாண்டிக்கு ஒன்று, தேனியிலிருந்து ஓட்டு எண்ண வந்திருந்த அதிகாரி இனியனுக்கு ஒன்று, மனசு சங்கடப்படக்கூடாதென்று மைக்செட்காரருக்கும் ஒன்று. முன்வரிசையில் ரெஹானா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடியிருக்கும் மேட்டுத்தெருவில் குழாய் உண்டு, தண்ணீர்தான் ஏறாது. நகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டு, திரளுகிற பணத்தில் மேட்டில் தொட்டி கட்டுவதாக ஏற்பாடு. வார்டு சனம் இன்றைக்கு ஓட்டுப் போட்டுச் சம்மதிக்காவிட்டால் அதற்கான அரசாங்க அனுமதி வேறு ஊருக்குப் போய்விடும்.

தலைவர் முல்லைப் பெரியாற்றில் ஆரம்பித்துத் தன் பாட்டனார் வெட்டிய ஊரணியில் நெடுநேரம் நின்றார். கடைசியில், "இத்தீர்மானத்தைக் கரவொலியால் நிறைவேற்றித் தருக" என்றார். கரவொலி எழுந்தது. அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் நிறைவேறும், கோயில் கணக்கு உட்பட.

"கைதட்டினாச் செல்லாது. கையத் தூக்கணும், நான் எண்ணணும்" என்றார் இனியன்.

"காலங்காலமா இங்கன தட்டித்தான் சார் பழக்கம்" என்றார் தலைவர்.

செல்லுமா செல்லாதா என்று மேடையில் வழக்கு நடக்கையில், பள்ளத்தெருவில் குழாய் திறந்த சேதி வந்தது. வாரத்துக்கு ஒருநாள் வருகிற தண்ணீர். நாற்காலிகள் காலி. ஓடிப் பிரயோசனமில்லாத மேட்டுத்தெருக்காரர்கள் மட்டும் மிச்சம்.

"ஆள் பத்தாது. ஒத்திவச்சிருவோம்" என்றார் தலைவர், நிம்மதியாக.

"ஒத்திவைக்க இதென்ன காதுகுத்தா, தலைவரே?" ரெஹானா எழுந்தாள். "சார், எண்ணத்தான வந்தீக? ஆளுக இருக்கிற எடத்துல வந்து எண்ணுங்க. அங்கனயும் இதே வார்டுதான்."

இனியன் யோசித்தார். விதியில் தடை எதுவும் தெரியவில்லை. நடந்தார்.

குழாயடியில் வரிசையை ஆண்டுகொண்டிருந்தவள் மொக்கம்மாள். "எங்களுக்குத்தான் தண்ணி வருதே. ஒங்க மேட்டுக்குத் தொட்டி கட்ட நாங்க எதுக்காத்தா கை தூக்கணும்?"

"தொட்டி மேட்டுல இருந்தா தண்ணி மொதல்ல எங்கிட்டு எறங்கும்க்கா? தெனமும் ஒங்க தெருவுக்குத்தான்" என்றாள் கூடவே வந்த ரெஹானா.

மொக்கம்மாள் மேட்டைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். "இதத் தலைவரு சொல்லவே இல்லயே?"

"அவரு எங்க ஊரணியத் தாண்டுனாரு?"

"ஏய், கையத் தூக்குங்கடி. இடுப்புக் குடம் பத்திரம்."

பள்ளத்தெருக் கைகள் எழுந்தன. பின்னாலேயே வந்திருந்த மேட்டுத்தெருக் கைகளும் எழுந்தன. இனியன் எண்ணி முடித்து, "நிறைவேறிருச்சு" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் தலைவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "நான் இல்லாமயா? போட்டோகூட எடுக்கலியே. எல்லாரும் இன்னொருக்காத் தூக்குங்க தாயீ."

"தூக்குறோம். அதுவரைக்கும் இதப் பிடிங்க" என்று மொக்கம்மாள் நிறைகுடத்தை அவர் கையில் திணித்தாள். பின்னால் நின்றவள் தன் குடத்தையும் நீட்டினாள்.

ரெஹானா இனியனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "தேனி பஸ்ஸு நிக்கிது, கெளம்புங்க சார். கொடத்த எறக்குனதும் நன்றியுரைன்னு ஆரம்பிச்சிருவாரு."