கூப்பிடு தூரம்

தூரத்தை அளக்க மைல் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சாலை ஓரமெல்லாம் கல்லும் நட்டு வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். மலையாண்டி அண்ணனுக்கு அது உட்கார்ந்து வெற்றிலை போடுகிற கல். அவரிடம் உள்ள அளவு ஒன்றே ஒன்றுதான். எதைக் கேட்டாலும் "இந்தா, கூப்பிடு தூரந்தேன்" என்பார்.

அன்று மதுரையில் ஹர்த்தால். யாரையோ ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்று கடைவீதி முழுக்கக் கதவடைத்திருந்தது. எங்கள் கயிற்றுக்கடையும் முன்வாசலில் தேசபக்தியோடு மூடிக்கிடந்தது. பின்வாசலில் என் அத்தா, மலையாண்டி அண்ணனுக்குக் கமலையில் தண்ணீர் இறைக்கிற வடம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் திருமங்கலத்திலிருந்து சிஹாபுதீன் வந்து இறங்கினார்.

சிஹாபுதீன் என்பவர் பக்ருன்னிசாவின் அண்ணன். பக்ருன்னிசா, அல்லாஹ் நாடினால், எனக்கு மனைவியாக வரப்போகிறவள். ஆனால் அதற்கு முன்னால் சிஹாபுதீன் நாடவேண்டும். மாப்பிள்ளைப் பையன் யூனுஸ் எப்படிப்பட்டவன் என்று பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் நான் வாயைத் திறந்தேன். வைகையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவேன் என்றேன். சித்திரை மாதத்து வைகையைச் செருப்பு நனையாமல் நடந்தே கடக்கலாம் என்பது திருமங்கலம் வரை எட்டியிராது என்று ஒரு நம்பிக்கை.

எட்டியதோ இல்லையோ, மலையாண்டி அண்ணன் காதில் விழுந்துவிட்டது. தங்கள் ஊர் மலையில் ஒரு சுனை இருப்பதாகவும், எந்தக் கோடைக்கும் வற்றாது, ஒரு ஆள் எட்டிப் பார்ப்பதில்லை, வண்டியும் சும்மாதான் திரும்புகிறது என்றும் சொன்னார். சிஹாபுதீன் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார். நான் ஒழிந்தேன்.

நாகமலை அடிவாரத்தில், அண்ணனின் தோட்டம் வரை வண்டி. அதற்கு மேல் கூப்பிடு தூரம். ஒரு கரடு ஏறினோம். இன்னும் கூப்பிடு தூரம். முள்ளுக்குள் குனிந்து போனோம், மலையைச் சுற்றினோம், இறங்கி மறுபடி ஏறினோம். என் செருப்பு வார் அறுந்தது. யார் கூப்பிடுகிற தூரம் என்று கேட்டேன். அவர் அதைக் கேள்வியாகவே மதிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பாறைகளுக்கு நடுவே பச்சையாகத் தண்ணீர் தெரிந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், குளித்துவிட்டு ஒரு சத்தம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆடுகூட யோசிக்கும் ஒரு சரிவில் இறங்கி மறைந்தார்.

சிஹாபுதீன் என்னை இறங்கச் சொன்னார். வியர்வையோடு தண்ணீரில் இறங்கினால் ஜன்னி கண்டுவிடும் என்று எங்கள் ஹக்கீம் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். அப்படியொரு ஹக்கீம் இல்லை. அவர் சிரித்தபடி கைலியை மடித்துக் கட்டி, கரையோரம் கால் வைத்தார். பாசி வழுக்கியது. ஒரே சரிவாக ஆழத்துக்குள் போய், தண்ணீரைக் குடித்து, எதிர்ப்பாறையின் வெடிப்பு ஒன்றில் நாலு விரலை மாட்டிக்கொண்டு தொங்கினார். என்னைச் சோதிக்க வந்தவருக்கும் நீச்சல் தெரியாது.

"யூனுஸ், வாங்க. கை நழுவுது."

"எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்."

அந்த ஒரு வார்த்தையோடு பக்ருன்னிசாவைத் தலைமுழுகினேன். தலைத்துண்டை வீசிப் பார்த்தேன், எட்டவில்லை. கயிற்றுக்கடைக்காரன் மகன் கையில் ஒரு முழம் கயிறு இல்லை.

மிச்சம் இருந்தது தொண்டை. "மலையாண்டி அண்ணே, வடம்" என்று கத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்துவிட்டது, அழுதுகொண்டே கத்தினேன். இரண்டு மணி நேரம் நடந்து வந்த தூரத்துக்கு எவன் காதில் விழும் என்று புத்தி சொன்னது. நான் புத்தியைக் கேட்கவில்லை.

கீழேயிருந்து ஒரு பெண்குரல் "ஓய்" என்றது. பாறை விளிம்புக்கு ஓடிப் பார்த்தேன். நேர் கீழே, செங்குத்தாக, அண்ணனின் கிணறும் கமலையும், நாங்கள் இறங்கிய அதே வண்டியும் தெரிந்தன. அவர் மனைவி மாயக்காள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் புது வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் ஏற ஆரம்பித்திருந்தார்.

வடத்தை வீசினார். சிஹாபுதீன் பிடித்தார். எங்கள் கடைச் சரக்கு எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியுமாதலால், இழுத்துக்கொண்டே துஆ ஓதினேன். தாங்கியது. சிஹாபுதீன் பாறைமேல் குப்புறக் கிடந்து இருமினார்.

மலையாண்டி அண்ணன் வடத்தைச் சுருட்டினார். "கூப்பிடு தூரம்னு சொன்னேன்ல பாய். ஒங்க காலுக்குன்னு சுத்துப் பாதையில கூட்டியாந்தேன். நீங்க நடந்துதேன் பாத்தீக, கூப்பிட்டுப் பாக்கல."

திரும்பும் வழியெல்லாம் சிஹாபுதீன் இருமிக்கொண்டே வந்தார். வைகையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. வீங்கிய விரல்களில் என் தலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினார். துண்டும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று வீடு திரும்பினேன். பத்து நாள் கழித்துச் சம்மதம் என்று கடிதம் வந்தபோது, விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்தேன்.

அவர் வீட்டில் போய் என்ன சொன்னார் என்பதை, நிக்காஹ் முடிந்த பிறகு பக்ருன்னிசாதான் அண்ணனைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்காட்டினாள்.

"பய பொய் சொல்றான். நீச்சலும் தெரியாது. ஆனா வெக்கப்படாமக் கத்துறான். நம்ம புள்ளைக்கு ஒன்னுன்னா ஊரைக் கூட்டிருவான், குடுக்கலாம்."