பொருளாதார வரலாற்றுக்கு ஐந்து பேர்

மயிலாப்பூரில் அந்தக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதார வரலாறு என்று ஒரு படிப்பு இருந்தது. இருந்தது என்றால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அறையில் ஒரு போர்டு தொங்கியது, அதன் கீழே பேராசிரியர் கஸ்தூரிரங்கன் உட்கார்ந்திருந்தார். கணக்கு வராதவன் படிக்கிற எகனாமிக்ஸ் என்று பொருளாதாரத் துறைக்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள். ராஜாவும் சண்டையும் இல்லாமல் அது என்ன பெரிய வரலாறு என்று வரலாற்றுத் துறைக்காரர்கள் கேட்டார்கள். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும்போது, அந்தத் துறை கொடுத்திருக்கும் என்று இந்தத் துறை அவரை விட்டுவிடும். மனிதருக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே?

தொண்ணூற்றேழு ஜூனில் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். ஊரே கம்ப்யூட்டர் கோர்ஸில் போய் விழுந்துகொண்டிருந்த நேரம்.

"மொத்தமே அஞ்சு சீட் சார். அதுவும் நிரம்பலைன்னா மூடிடலாம்னு கவுன்சில்ல சொல்றாங்க. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

அதுவரை ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. மறுநாள் காலை லஸ் பக்கம் பூங்காவில் நடக்கப் போனார். பெஞ்சில் பழைய பள்ளித் தோழர் சாய்நாத், பேங்கில் ஓய்வு பெற்றவர், வெயில் ஏறியும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே கதியில் இன்னும் நாலு பேர்.

"ஆத்துக்குப் போனா கொத்தவரங்காய் நறுக்கச் சொல்றாடா. ரிட்டயர் ஆனதே தப்புன்னு தோண்றது," என்றார் சாய்நாத்.

கஸ்தூரிரங்கனுக்குச் சட்டென்று வழி பிறந்தது. "எம்.ஏ. சேர்றியா? பத்து மணிக்கு வந்தா நாலு மணி வரைக்கும் உக்காந்துண்டிருக்கலாம். ஃபேன் இருக்கு."

"என்ன எம்.ஏ.?"

"அதை விடு."

ஃபேன் என்றதுமே ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டி, பஸ்ஸில் மாணவர் சலுகை உண்டா என்றும் விசாரித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. வெள்ளைக்காரன் கால நிலவரி என்று ஆரம்பித்தார். பேச்சு ஐந்தே நிமிஷத்தில் பென்ஷன் பாக்கிக்குத் தாவி அங்கேயே தங்கிவிட்டது. அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் மெஹக், வீடு சிந்தாதிரிப்பேட்டை, பி.காம். முடித்தவள். ரிசல்ட் தாமதமாம். தேதி தாண்டினாலும் காலியிடம் இருந்தால் சேரலாம் என்று ஆபீஸில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"எங்க தெருவுல வட்டிக்கடை எப்போ வந்துச்சு, அதுக்கு முன்னாடி அவசரம்னா ஜனங்க யார்கிட்ட போவாங்கன்னு தெரிஞ்சிக்கணும் சார். இந்தக் கோர்ஸ்லதான் அதெல்லாம் படிப்பாங்கன்னு லைப்ரரியில சொன்னாங்க. வேற எங்கயும் அப்ளை பண்ணலை."

இத்தனை வருஷத்தில் கஸ்தூரிரங்கனிடம் ஒருவர்கூட இப்படிக் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. சாய்நாத்தை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கெஞ்சினார்.

"நீ ஒருத்தன் விட்டுக்கொடுடா."

"நன்னா இருக்கே. பகல் பூரா நான் எங்கே போறது?"

பிரின்சிபாலிடம் ஓடினார். ஆறாவது சீட் கேட்கப் போனவரை அவர் பேசி முடிக்கவே விடவில்லை. "சீட் கிடைக்காம ஒரு பொண்ணு திரும்பிப் போகுதா? உங்க கோர்ஸுக்கு இதைவிட என்ன மரியாதை சார் வேணும்? கவுன்சில்ல இதைத்தான் சொல்லப்போறேன். கெடுத்துடாதீங்க."

மெஹக் வாசலிலேயே காத்திருந்தாள்.

"இடம் இல்லைம்மா," என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அவரிடம் கோபித்துக்கொள்ளவில்லை.

"இந்தப் படிப்புக்கு இவ்வளவு போட்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார். முன்னாடியே வந்திருக்கணும். தப்பு என்னோடதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.