நாம கிளறணும்

"தட்டை அங்கேயே வை. நான் எடுத்துக்கறேன்."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் கைகளைப் பார்த்துச் சொன்னார். தோல் உரிகிற அளவுக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்த கைகள். கூடத்து மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவள் மாமியார், கண்டும் காணாததுபோல் ஊசியில் நூல் கோத்தாள்.

அந்தக் கைகளில் வாடை ஏறிய கதை பெரிய கதையல்ல. இனி குப்பை வெளியே போகாது, காய்கறித் தோலும் மிச்சம் மீதியும் முற்றத்துத் தொட்டியிலேயே உரமாகும், அதைப் போட்டு மொட்டைமாடியில் காய்கறி வளர்ப்போம் என்று அடுக்குமாடிக்காரர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான், யார் இல்லையென்றார்கள்? செயலாளர் வார்த்தைக்கு வார்த்தை "நாம" என்றார். "நாம பிரிக்கணும். நாம தினமும் கிளறணும். நாம சேர்ந்து செஞ்சா முடியாதது என்ன இருக்கு?" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

முறை வைத்துக் கிளறுவதாகத்தான் பேச்சு. முதலில் மேல்வீட்டு வங்கிக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு டாக்டருக்கு நேரமில்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தொட்டி இருந்தது செயலாளர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே.

"வீட்டுல சும்மாதானே இருக்கே, நீ ஒரு கிளறு கிளறி விட்டுடேன்" என்றார் கணவர். சும்மா! தையல் மெஷினை மிதித்து மிதித்துக் கால் வீங்குகிறவளைப் பார்த்து ஒரு மனுஷர் சொல்கிற பேச்சா இது?

கல்யாணமாகி வந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தையல் ஒன்றுதான். இப்போது அதற்கும் ஆபத்து. அன்று மத்தியானம் துணிக்கடைக்காரம்மா, இவள் தைத்துக் கொடுத்த கவுன்களைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். "தையல்ல ஒரு குறையும் இல்லம்மா. வாடை வருதே, யார் வாங்குவா? இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன், கோச்சுக்காதே."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அதைக் கணவரிடம் சொன்னாள். "பழையபடி முறை போடுங்க. இல்லேன்னா என் வேலையே போயிடும்."

"நாளைக்கு அடுத்த தெருக்காரங்க நம்ம தொட்டியைப் பாக்க வராங்க. இந்த நேரத்துல மானத்தை வாங்காதே."

வந்தார்கள். பார்த்தார்கள். உரத்தை அள்ளி முகர்ந்துகூடப் பார்த்தார்கள். படம் எடுக்கலாம் என்றதும் குடியிருப்பே தொட்டியைச் சுற்றி நின்றது. இடுப்புப் பிடித்தவர் முன்வரிசையில். கிளறிக்கொண்டிருந்தவளும் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓரமாய் வந்தாள்.

"நாங்க படம் எடுத்துக்கறோம்" என்றார் செயலாளர். "நீ போய் எல்லாருக்கும் டீ போடு."

வேலைக்கு நாம. படத்துக்கு நாங்க. ஒரே சொல்லில் அவளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். வைத்தது அவருக்கே தெரியாது, அதுதான் கொடுமை. யாராவது ஒருத்தர் "அவங்களும் நிக்கட்டுமே" என்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். எல்லாரும் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. உள்ளே போய் டீ போட்டாள்.

மறுநாள் காலை வீட்டுக்கு ஒன்றாகக் குப்பைப் பக்கெட்டுகள் அவள் வாசலில் வந்து நின்றன. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, இன்னும் போகலையா? ஈ மொய்க்குது!" என்று கத்திக்கொண்டே வந்தார் செயலாளர்.

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாங்க வேலையா இருக்கோம். நீங்க போய்க் கிளறுங்க."

"நாங்களா? எந்த நாங்க? இருக்கறது நீ ஒருத்தி!"

பதில் மூலையிலிருந்து வந்தது. இந்த வீட்டில் ஆயுசு முழுக்கச் 'சும்மா' இருந்தே தேய்ந்துபோனவள் மாமியார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு தெரியலையாடா உனக்கு? நாங்க ரெண்டு பேர் இருக்கோம். போ, பக்கெட்டை எடு."