அப்பா தரவேண்டிய ஃபீஸ்

அப்பா அவளுக்குத் தரவேண்டியது ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய். பிரஷர் பார்க்க ஒரு தடவைக்கு ஐம்பது என்று அவரே விலை பேசியது. ஒவ்வொரு முறையும் "கணக்குல ஏத்திக்கோ டாக்டரம்மா" என்று சிரிப்பாரே தவிர, காசைக் கண்ணில் காட்டியதில்லை.

இன்று காலை அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வலது கையிலிருந்து பிரஷர் பட்டையை அவள் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய முதுகு. விடிந்ததிலிருந்து அதை யாரோ உள்ளேயிருந்து கிழிக்கிறார்களாம்.

"சுளுக்குதான். ஒரு ஊசியப் போட்டு விடு. லோடு வந்து நிக்கும்."

அவள் பட்டையை இடது கையில் சுற்றினாள். வலது கையில் நூற்றெண்பது. இடது கையில் நூற்றுப்பத்து. மறுபடி பார்த்தாள். அதேதான். இப்படி ஒரு வலியோடு, ஒரே ஆளின் இரண்டு கையும் இரண்டு கணக்குச் சொன்னால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் உள்ளுக்குள் கிழிகிறது என்று அர்த்தம். வார்டில் ஒருவரை அப்படிப் பார்த்திருக்கிறாள். அவர் வீடு திரும்பவில்லை.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"வீட்லயே டாக்டர வச்சுக்கிட்டு வெளிய போய்க் காசு அழுவணுமா? ஊரே சிரிக்கும்." மூச்சு வாங்கியது. "முக்குக் கடை காலியாகுதாம். உன் கிளினிக்குக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு அம்மா உள்ளே வந்தாள். "ஏங்க, அவதான் சொல்றாள்ல!"

"நீ சும்மா இரு. என் டாக்டர் பாத்துக்குவா."

நாலு வருடப் படிப்பு, மூன்று வருட வேலை. அவள் அவரைத் திருத்தியதே இல்லை. தெருவில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிரும். அதைப் பார்த்துப் பார்த்தே வாயை மூடிக்கொண்டாள்.

"நான் டாக்டர் இல்லப்பா."

கட்டில் கிரீச்சிட்டது.

"டாக்டருக்கு உதவியாளு. நான் பாத்து எழுதுவேன், அவர்தான் கையெழுத்துப் போடணும். கிளினிக் வைக்க முடியாது. இருபது வருஷம் வேலை பாத்தாலும் டாக்டர் ஆக முடியாது. எனக்கா தோணிச்சுன்னு ஒரு ஊசி போடக் கூடாது. எந்திரிப்பா."

அவர் அவளைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எழுந்து, காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. அவள் அவர் மணிக்கட்டை விடவில்லை.

"அப்ப... டாக்டர் இல்லன்னா ஃபீஸும் இல்லல்ல?"

"யாரு சொன்னா? வட்டியோட வேணும். நீயே எண்ணிக் குடுக்கணும்."

"கறாரான ஆளுதான்." உதடு மட்டும் சிரித்தது.

அவசரப் பிரிவில், அவளைவிட வயது குறைந்த டாக்டரிடம் இரண்டு எண்களையும் ஒப்பித்தாள். அவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார். தினமும் அவள் தள்ளிக்கொண்டு போகும் கதவு அது. இன்று வெளியே நின்றாள். வட்டக் கண்ணாடி வழியே, திரையில் கோடு நீண்டு படுப்பது தெரிந்தது. ஒருவர் நெஞ்சை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

"என்னடி ஆச்சு? உனக்குத் தெரியும்ல, சொல்லித் தொலையேன்!"

"டாக்டர் வந்து சொல்வாரும்மா."

வந்து சொன்னார்.

உள்ளே, அப்பாவின் சட்டைக் கை இரண்டும் சுருட்டிவிட்டபடியே இருந்தன. அவள் அவர் மணிக்கட்டில் விரல் வைத்து, எப்போதும்போல ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தாள்.

"தள்ளுபடிப்பா."

சட்டையின் வலது கையை இறக்கிவிட்டாள். அப்புறம் இடது. இரண்டுக்கும் பித்தான் போட்டாள்.