உள்மடிப்பு

ஆனிமேரியின் கையெழுத்துக்கு விலை இருபத்தாறு லட்சம் என்று திருமங்கலத்தில் பேசி முடித்தார்கள். புருஷன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடும் மனைவி அமைந்தால் அதற்கு விலையே கிடையாது என்று, இன்னாசிமுத்து கல்யாண வீட்டுப் பந்திகளில் பெருமையாகச் சொல்லி வந்தவர். அவரே அதற்கு ஒரு விலை வைத்தார்; டோக்கன் தொகையும் வாங்கிக்கொண்டார்.

விற்றது ஆனிமேரியின் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த முப்பது சென்ட். ஒரு கிணறு, ஆறு தென்னை. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை பார்க்கும் அவளுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அப்புறம் அங்கே இரண்டு அறை கட்டிக்கொண்டு போய்விடுவது என்று கட்டம் போட்ட தாளில் வரைந்துகூட வைத்திருந்தாள். அந்தத் தாள் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. இடம்தான் இல்லை.

பணம் போனது இன்னாசிமுத்துவின் கோரிப்பாளையத்துக் கடைக்கு. பள்ளிச் சீருடை விற்பதில் இருபத்திரண்டு வருடம் அசையாமல் நின்ற கடை அது. ஒரு வருடம் நாலாயிரம் உருப்படி போனது. அடுத்த வருடம் இரண்டாயிரத்து அறுநூறு. அதற்கடுத்து ஆயிரத்து நானூறு. இடையில் எதிர்வரிசையில் ஒரு புதுக்கடை, கண்ணாடிக் கதவும் ஏசியுமாக வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு நேரே எதிரி நிற்கும்போது வேறு காரணம் தேட இன்னாசிமுத்துவுக்கு என்ன தலைவிதி?

அவர் யோசனை கேட்டது பால்பாண்டியிடம். கடைகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பவன். தலைவலி என்று போனால்கூட ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிற ஆள்.

"மாப்ள, சனம் இப்பல்லாம் குளுகுளுன்னு இருக்கிற எடத்துலதான் பர்ஸைத் தொறக்குது. ஒன் கடைக்குள்ள வந்தா குக்கருக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு."

"எம்புட்டு ஆகும்?"

"ஒனக்குன்னா இருவத்திரண்டு. லட்சம் பெரிசில்ல மாப்ள, லுக்கு வேணும்."

அன்றைக்குச் சோறு போடும்போது ஆனிமேரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, சனம் ஏன் வரலைன்னு யாரையாச்சும் கேட்டீகளா?"

"பால்பாண்டிய கேட்டேன். ஆடிட்டர கேட்டேன்."

"அவுக என்னைக்கு ஸ்கர்ட்டு வாங்கினாக? வராம போனவுகள கேட்டீகளா?"

"வராதவுகள எங்கன போய்க் கேக்க?"

"ஸ்கூல் வாசல்ல நாலு மணிக்கு நின்னா அம்புட்டுப் பேரும் வருவாக. நான் வேணா கேட்டுப் பாக்கட்டா?"

"கடைக்காரன் பொண்டாட்டி ஸ்கூல் கேட்டுல நின்னு, எங்க கடைக்கு ஏம்மா வரலைன்னு கேக்கவா? அதைவிட நான் துண்டை விரிச்சு ஒக்காந்துர்றேன்."

அவள் ரசம் ஊற்றினாள். மறுவாரம் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் பிறந்தது. கடை குளிர்ந்தது. பெண்கள் வந்தார்கள், வந்தவர்கள் ஏசிக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஸ்கர்ட்டை எடுத்து, அடியோரத்தைத் திருப்பி, இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்கள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வாரேண்ணே" என்று போனார்கள். ஒருத்தி இரண்டு பேர் அல்ல, வந்தவர்கள் எல்லோருமே ஓரத்தைத்தான் நெருடினார்கள். தையல் சரியில்லை போலிருக்கிறது என்று இன்னாசிமுத்து முடிவுகட்டினார். மிச்சமிருந்த நாலு லட்சத்துக்குப் புதுத் தையல் மெஷின்கள் வந்து இறங்கின. ஊசி போன தடம் தெரியாத தையல். அதையும் நெருடிப் பார்த்துவிட்டு வைத்தார்கள்.

வண்டியூரில் இட்லிக்கடை போட்டிருக்கும் தங்கப்பொண்ணு சின்னவளுக்குச் சாக்ஸ் வாங்க வந்தது ஜூன் மூன்றாம் வாரம். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பால்வாடி விட்ட நாளிலிருந்து இந்தக் கடையில்தான் துணி. இன்று கையில் எதிர்க்கடைப் பை.

இன்னாசிமுத்துவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னத்தா, அங்க ஏசி நம்மளதவிட ஜில்லுன்னு இருக்கோ?"

"ஏசிக்கா அண்ணே ஸ்கர்ட்டு வாங்குறோம்?"

"பெறகு? வெல கம்மியா?"

"நாப்பது ரூவா கூட."

அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். தங்கப்பொண்ணு பையிலிருந்த ஸ்கர்ட்டை எடுத்து அடியோரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே மூன்று விரற்கடைக்குத் துணி மடித்துத் தைத்திருந்தது.

"புள்ள வளருதுல்ல. அடுத்த வருசம் இதைப் பிரிச்சு விட்டா அதே ஸ்கர்ட்டு. முன்ன ஒங்ககிட்டயும் இருந்துச்சு. திருப்பிப் பாக்காமலே வாங்குவோம். ஒரு வருசம் பெரியவளுக்குப் பிரிக்கலாம்னு ஒக்காந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. மொழங்காலு தெரிய அனுப்புனா சிஸ்டர் சத்தம் போடுறாக. நடு வருசத்துல கடன் வாங்கிப் புதுசு எடுத்தேன்."

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "நீங்கதானண்ணே வெட்டுனீக. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்னு யாரு நெனைப்பா?"

தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் கட்டிங் மேஜையில் நின்று, "மாஸ்டர், மடிப்பை எடுத்துருங்க" என்று சொன்னது அவர்தான். உருப்படிக்கு ஒன்பது ரூபாய்த் துணி மிச்சம். அதற்கும் மேலே ஒரு கணக்குப் போட்டிருந்தார்: மடிப்பு இருந்தால்தானே ஒரு ஸ்கர்ட்டை இரண்டு வருடம் போடுவார்கள், இல்லாவிட்டால் வருடா வருடம் வந்தாக வேண்டும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு மாஸ்டருக்கு வடை வாங்கிக் கொடுத்ததுகூட ஞாபகம் வந்தது.

"அடுத்த வருசம் மடிப்பு வச்சுத் தச்சிருவேன்த்தா. வந்துரு."

"அடுத்த வருசம் எதுக்குண்ணே?" தங்கப்பொண்ணு கையிலிருந்த ஸ்கர்ட்டைப் பைக்குள் வைத்தாள். "இதப் பிரிச்சு விட்டுக்கிருவேன். அதுக்கடுத்த வருசம் பாப்போம்." சாக்ஸுக்குச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

பின்கட்டில் மூவாயிரம் ஸ்கர்ட் அளவாக வெட்டிக் கிடந்தது. வெட்டிய துணியை எந்த மெஷினாலும் மூன்று விரல் நீட்ட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைக்கு வந்த ஆனிமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று தயாராக இருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். அவள் ஒரு ஸ்கர்ட்டை எடுத்து, எல்லோரையும் போல ஓரத்தைத் திருப்பி நெருடினாள்.

"அந்த எடத்த வாங்குனவரு திருப்பித் தருவாராங்க?"

"கேட்டேன். முப்பத்தஞ்சுங்கிறாரு. கெணத்த மூடிட்டாராம்."

"இதையாச்சும் கேட்டீகளே" என்றாள்.

பில் புத்தகத்தைப் புரட்டி, ஆபீசில் எழுதுவதுபோல நிறுத்தி நிதானமாக ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மேலே ஏசி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுதி முடித்ததும் தாளைக் கிழித்து அவர் பக்கம் தள்ளினாள்.

மடிப்பு இல்லாமல் விற்றது, இந்த வருட ஐந்நூறும் சேர்த்து: 8,500.
ஒன்றுக்கு மிச்சம் பிடித்தது: ரூ. 9.
ஆக வரவு: ரூ. 76,500.
திருமங்கலம் இடம், செலவு: ரூ. 26,00,000.
ஆனிமேரிக்குத் தர வேண்டிய பாக்கி: ரூ. 25,23,500.
கிணறு இந்தக் கணக்கில் சேரவில்லை.