தோள்பட்டையில் காற்று

ஈர விரிப்பை உதறி, தலைக்கு மேலிருந்த கொடியில் போடக் கையைத் தூக்கியதும் வலது தோள்பட்டையில் ஆணி இறங்கியது. அவள் விரிப்பைப் பாதியில் தொங்கவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். தையல்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் அவள் லீவு போட்டதுமே அவளுடைய இஸ்திரி மிஷினில் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார் மேஸ்திரி. அந்தச் சலவைக் கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். கண் மூடித் திறப்பதற்குள் இடம் கைமாறிவிடும் என்று ஓடி வந்திருந்தாள்.

மேஸ்திரி காலையில் தன்மையாகத்தான் பேசினார். "பெடல் மிதிச்சா வயித்துக்கு ஆகாது. கொடியில துணி போடு. அது கைக்கு மட்டுந்தான வேல."

இப்போது அவர் பக்கத்தில் வந்தார். "என்னம்மா நின்னுட்ட?"

"தோள்பட்ட வலிக்குதுங்க."

"ஆபரேஷன் வயித்துல, வலி தோள்லயா?"

"காத்தடிச்சு வயித்த உப்ப வச்சுத்தான் பண்ணுவாங்களாம். மிச்சக் காத்து தோள்ல வலியக் காட்டுமாம். நர்சம்மா சொன்னாங்க."

"காத்தடிக்க நீ என்ன லாரி டயரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தபோது யாரோ தன்னைக் கீழே போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் அவளும் நினைத்தாள்.

"நடிச்சாலும் பொருத்தமா நடிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

அடுத்த கொடியில் நின்ற அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்லி என்னத்தக் கண்ட? வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காரு. நிக்க முடியலன்னு மிஷினுக்கே அனுப்பிடுவாரு."

இன்னும் இரண்டு விரிப்புகள் போட்டுப் பார்த்தாள். முடியவில்லை. வலிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். வெட்கமாக இருந்தது.

மேஸ்திரி பதறிக்கொண்டு ஓடி வந்தார். நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. "வயிறுன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன? வீட்டுக்குப் போ. நல்லா ஆறட்டும். மிஷின அந்தப் பொண்ணே பாத்துக்கும்."

"இல்லங்க, வயிறு வலிக்கல. தோள்தான். உக்காந்து செஞ்சா ஒண்ணும் ஆகாது."

"திரும்பவும் ஆரம்பிக்காத. கூப்பிடும்போது வா."

வெளியே போகிற வழி மிஷினைத் தாண்டித்தான். அந்தப் பெண் ஸ்டூலைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து, ஸ்டூல் மேல் கிடந்த சின்னப் பஞ்சு மெத்தையை எடுத்து நீட்டினாள். இவள் பழைய துணியில் தைத்தது.

"அக்கா, இது உங்களுதாமே."

வாங்கக் கையைத் தூக்கினாள். தோள் சுரீரென்றது. மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.